மோட்டார் காரின் கூரையும் உடல் விறைப்பும்

கொல்கத்தாவின் வீதியொன்றில் வாடகைக் கார் ஒன்று டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கிறது. முன்புறத்து இடச் சக்கரம் தண்டவாளத்தின்மேல் ஏறும்போது, வலச் சக்கரம் அதன் ஓரத்துப் பள்ளத்தில் இறங்குகிறது. பின்சக்கரங்கள் இரண்டும் இன்னும் சமதரையிலேயே நிற்கின்றன. அக்கணத்தில் காரின் முன்பகுதி ஒரு பக்கமாகச் சாய முற்படுகிறது. பின்பகுதியோ நேராக நிற்க முற்படுகிறது. ஈரத் துணியைப் பிழிபவரின் இரு கைகளும் எதிரெதிராகத் திருகுவது போலவே, காரின் உடலும் திருகப்படுகிறது. இதனைப் பொறியியலார் முறுக்கம் என்பர். முறுக்கத்தை எதிர்த்து வடிவம் குலையாமல் நிற்கும் ஆற்றலே முறுக்க விறைப்பு.

இந்த ஆற்றல் காரின் எந்த உறுப்பில் அடங்கியுள்ளது? கனத்த எஃகினாலா, அடியிலுள்ள சட்டத்தினாலா, அன்றிக் கூரையினாலா? கூரையுள்ள காருக்கும் கூரை திறந்த காருக்கும் இதில் வேற்றுமை உண்டா? பந்தயப் பாதையில் நொடியின் சிறு பின்னங்களுக்காகப் போட்டியிடுவோர்க்கு மட்டுமேயன்றி, வாகனங்களைச் சோதிக்கும் பணியாளர்க்கும், இயந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இவ்வினாக்கள் பயன் தருவன. 

அடிச்சட்டம் பாரம் சுமந்த காலம்

கொல்கத்தாவில் நடைபெறும் பழங்கார் அணிவகுப்புகளில் 1920ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த வண்டிகள் பலவற்றைக் காணலாம். அவற்றுட் பல கூரை திறந்தவை. வெயிலுக்கும் மழைக்கும் மடக்குத் துணியே காப்பு. அக்காலத்துக் கார்களில் இரண்டு நீண்ட எஃகு உத்திரங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏணி போன்ற அடிச்சட்டமாக அமைந்தன. சேசிஸ் என வழங்கப்படுவது இதுவே. இயந்திரம், அச்சுகள், பட்டை வில்கள் யாவும் இதனோடு பிணைக்கப்பட்டன. உடற்கூடு இதன்மேல் அமர்ந்த ஒரு பயணியைப் போன்றதே. ஆதலின் கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியின் வலிமையில் பெரிய மாறுதல் நேரவில்லை.

எனினும் ஏணிச் சட்டத்திற்கு ஒரு குறை உண்டு. மூங்கில் ஏணி ஒன்றின் இரு முனைகளையும் இருவர் பற்றி எதிரெதிராகத் திருகினால் அஃது எளிதில் முறுக்கிக்கொள்வதைக் காணலாம். பழங்காரின் அடிச்சட்டமும் அத்தகையதே. அதன்மேல் ஏற்றிய மரக்கூடுகளின் மூட்டுகள் நாளடைவில் தளர்ந்து ஓசையிட்டன. இதற்கு மாற்றாக, மூட்டுகள் சிறிது அசைய இடங்கொடுத்துத் துணி போர்த்திய வேமன் முறைக் கூடுகள் 1920ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் பரவின. முறுக்கத்தைத் தடுக்க இயலாத நிலையில், அதற்கு இணங்கிப் போவதே அன்றைய தீர்வாக இருந்தது.

உத்தர்பாராவில் எழுந்த கார்

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், கொல்கத்தாவுக்கு வடக்கே உள்ள உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1948ஆம் ஆண்டு முதல் இயங்கியது. 1942ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் அதற்கு முன்னர்க் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி 1957ஆம் ஆண்டில் இவ்வாலை அம்பாஸிடர் காரை வெளியிட்டது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை அதன் வடிவத்தின் அடிப்படை பெரிதும் மாறவில்லை.

அம்பாஸிடரில் தனி ஏணிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, பக்கவாட்டுப் படித்தட்டுகள், கதவுத் தூண்கள், கூரை ஆகியவை பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக அமைந்துள்ளன. பாரத்தைச் சுமப்பதும் இக்கூடே. பயணிகளைக் காப்பதும் இக்கூடே. முட்டையின் ஓடு எவ்வாறு தனியான எலும்புச் சட்டமின்றித் தன் வளைவினாலேயே வலிமை பெறுகிறதோ, இதுவும் அவ்வாறே. இத்தகைய அமைப்பில் கூரை என்பது வெறும் மழைக்காப்பு அன்று. பாரம் தாங்கும் உறுப்புகளுள் ஒன்று.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டைத் தழுவிய இக்காரில் தனி அடிச்சட்டம் உண்டு. உடற்கூடு பல பகுதிகளாகச் செய்யப்பட்டு மரையாணிகளால் பூட்டப்பட்டது. டிரையம்ஃப் ஹெரால்டின் கூரையையே மரையாணிகளைக் கழற்றி எடுத்துவிட முடியும். அதனால்தான் இங்கிலாந்தில் 1960ஆம் ஆண்டிலேயே திறந்த கூரை வகையையும் எளிதில் வெளியிட இயன்றது. உத்தர்பாராவின் காரிலிருந்து கூரையை எடுப்பதும், ஹெரால்டிலிருந்து கூரையை எடுப்பதும் தோற்றத்தில் ஒன்றாயினும், பொறியியல் நோக்கில் வெவ்வேறு செயல்களாகும்.

காலணிப் பெட்டி கற்பிக்கும் பாடம்

இவ்வேற்றுமையை வகுப்பறையில் விளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. காலணி வைத்து விற்கப்படும் அட்டைப்பெட்டி ஒன்று போதும். மூடியை அகற்றிவிட்டுப் பெட்டியின் இரு முனைகளையும் பற்றித் திருகினால் அது தளர்ந்து முறுக்கிக்கொள்ளும். பின்னர் மூடியை வைத்து, அதன் விளிம்பு முழுவதையும் பசையிட்ட தாளால் ஒட்டிவிட்டு மீண்டும் திருகுக. பெட்டி இப்பொழுது மிகுந்த எதிர்ப்பைக் காட்டும். மூடியை ஒட்டாமல் வெறுமனே வைத்துத் திருகினால் மூடி வழுக்கி நகரும். விறைப்பு சிறிதே கூடும். இம்மூன்று நிலைகளையும் மாணவர் தம் கைகளாலேயே உணரலாம்.

காரணம் யாது? மூடிய குழாயில் முறுக்கு விசை, சுவர்களைச் சுற்றித் தடையின்றி வட்டமாக ஓடுகிறது. ஒரு பக்கம் திறந்துவிட்டால் அவ்வட்டம் அறுபடுகிறது. கணக்கு இதனை மேலும் தெளிவாக்கும். 10 சென்டிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் உள்ள எஃகுக் குழாய் ஒன்றைக் கொள்க. அதன் நீளம் முழுவதும் ரம்பத்தால் ஒரு கீறல் இட்டால், அகற்றப்படும் உலோகம் மிகச் சொற்பமே. ஆயினும் முறுக்க விறைப்பு ஏறத்தாழ 7,500இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். விறைப்பு உலோகத்தின் எடையைக் காட்டிலும், அது சூழ்ந்து மூடும் பரப்பையே பெரிதும் சார்ந்தது என்பது இதனால் விளங்கும்.

காரில் சன்னல்களும் கதவுகளும் இருப்பதால் அதன் கூடு முழுமையான மூடிய பெட்டி அன்று. அதுபோலவே கூரை நீக்கிய காரும் முற்றிலும் திறந்த பெட்டி அன்று. படித்தட்டுகளும் தரையின் நடுச்சுரங்கமும் சிறு சிறு மூடிய குழாய்களாக எஞ்சி நிற்கும். ஆதலின் காரில் இழப்பு இத்துணைப் பெரிதாக இராது. எனினும் அது புறக்கணிக்கத்தக்கதும் அன்று. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் இசட் 3 என்னும் திறந்த காருக்குப் பின்னர் நிலையான கூரையிட்டு, 1998ஆம் ஆண்டில் மூடிய வகை ஒன்று வெளியிடப்பட்டது. அதன் முறுக்க விறைப்பு, திறந்த வகையினதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்டிருந்தது.

முறுக வேண்டியது எது?

கார் சிறிதும் முறுகலாகாது என்பது இதன் பொருள் அன்று. முறுக வேண்டிய உறுப்பு முறுக வேண்டும், ஏனையவை முறுகலாகாது. அம்பாஸிடரின் முன்சக்கரங்களைத் தாங்கியது சுருள்வில் அன்று. முறுக்குத் தண்டு என்னும் நீண்ட எஃகுத் தண்டு. சக்கரம் மேலெழும்போது இத்தண்டு முறுகி, மீண்டும் தன் நிலைக்குத் திரும்புகிறது. இத்தண்டின் ஒரு முனை சக்கரத்தின் கையோடும், மறுமுனை காரின் அடிப்பகுதியோடும் பிணைக்கப்பட்டிருக்கும். மறுமுனையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியே நெகிழ்ந்தால், பொறியாளர் அளவிட்டு அமைத்த தண்டின் வலிமை பயனற்றுப் போகும்.

நெகிழும் உடலை மற்றொரு வில்லாகவே கருதலாம். இரு வில்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால், மொத்த விறைப்பு இரண்டில் மெலிந்ததையும் விடக் குறைந்துவிடும். எடுத்துக்காட்டாக, ஒரு சாதாரணக் காரின் முன்வில்கள், ஒரு பாகைச் சாய்வுக்கு 1,000 நியூட்டன் மீட்டர் எதிர்ப்புத் தருவதாகவும், உடலின் முறுக்க விறைப்பு பாகைக்கு 3,000 எனவும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து தருவது 750 மட்டுமே. கால் பங்கு இழப்பு. பந்தயத்திற்காக வில்களை 3,000 அளவுக்குக் கடினமாக்கினால் கூட்டு விறைப்பு 1,500 ஆகும். அதாவது பாதி வீணாகிறது. அதே வில்களை 30,000 விறைப்புள்ள உடலில் பொருத்தினால் இழப்பு ஏறத்தாழ 9 விழுக்காடே. வில் கடினமாகுந்தோறும் உடலும் விறைப்பாக இருத்தல் வேண்டும் என்பதே இக்கணக்கின் சாரம்.

கடிகாரத்தோடு போட்டி

இக்கணக்கு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் நேர முயற்சிப் பந்தயமாகும். இதில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை, போட்டி கடிகாரத்தோடுதான். ஓட்டுநர் பாதையைச் சுற்றி வருவார். அவருடைய மிக விரைவான ஒரே ஒரு சுற்றின் நேரமே கணக்கில் கொள்ளப்படும். ஜப்பானில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள சுகுபா பாதை இவ்வகைப் பந்தயத்திற்குப் பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2010ஆம் ஆண்டு முதல் இதற்கென உலக அளவிலான போட்டி நடந்து வருகிறது.

இந்தியாவில் விமான ஓடுதளங்களே நெடுங்காலம் பந்தயப் பாதைகளாகப் பயன்பட்டன. கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரும் சென்னையை அடுத்த சோழவரமும் அத்தகையவை. பின்னர் 1990ஆம் ஆண்டில், சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயப் பாதை அமைந்தது.

ஒரே சுற்றில் முழுத் திறனையும் காட்ட வேண்டியிருப்பதால், வளைவுகளில் முன், பின் சக்கரங்களிடையே பாரம் எவ்வாறு பகிரப்படுகிறது என்பது முதன்மையாகிறது. முன்புறம் வழுக்கினால் கார் வளைவை விட்டு வெளியே செல்லும். பின்புறம் வழுக்கினால் சுழன்றுவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைப் பெற, பொறியாளர் முன்னும் பின்னும் உள்ள வில்களின் கடினத்தையும் சாய்வுத் தடுப்புத் தண்டுகளின் தடிப்பையும் மாற்றிப் பார்ப்பர். உடல் விறைப்பாக இருந்தால் முன்புறத்தில் செய்யும் சிறு மாற்றத்தின் விளைவு பின்புறத்திலும் உடனே தெரியும். உடல் நெகிழ்ந்தால் முன்பகுதியும் பின்பகுதியும் ஏறக்குறைய தனித்தனி வண்டிகள்போல் இயங்கும். செய்த மாற்றம் இடையிலேயே கரைந்துவிடும். சக்கரங்கள் தரையோடு கொள்ளும் கோணமும் பிசகும். இக்காரணங்களால் கூரையுள்ள காரையே பலரும் விரும்புகின்றனர்.

திறந்த காருக்கும் சில நன்மைகள் உண்டு. கூரையின் எடை உயரத்தில் இருப்பதால், அதனை நீக்கினால் காரின் ஈர்ப்பு மையம் தாழ்கிறது; வளைவில் சாய்வு குறையும். ஆனால் இழந்த விறைப்பை மீட்கத் தரையில் எஃகு சேர்க்க நேர்வதால், சாலையில் ஓடும் திறந்த கார் பெரும்பாலும் மூடிய காரைவிடக் கனத்ததாகவே முடிகிறது.

கூரையின்றி விறைப்புப் பெறும் வழிகள்

திறந்த கார் எப்போதும் தளர்ந்ததாகவே இருக்கும் என்று முடிவு கட்டுதல் தவறு. கூரையில் இழந்த மூடிய பரப்பை வேறிடத்தில் ஈடு செய்தால் போதும். சட்டமும் உடலும் ஒன்றாக அமைந்த கார்களுள் முன்னோடியான லான்சியா லாம்ப்டா, 1922ஆம் ஆண்டில் இத்தாலியில் தோன்றியபோது ஒரு திறந்த காரே. அதன் உயரமான பக்கச் சுவர்களே விறைப்பைத் தந்தன.

படித்தட்டைப் பெரிதாக்குதல் முதல் வழி. மூடிய குழாய் ஒன்றின் அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக்கித் தகட்டின் தடிப்பை மாற்றாது விட்டால், எடை இருமடங்காகும். முறுக்க விறைப்போ 8 மடங்காகும். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த லோட்டஸ் எலிஸ் என்னும் திறந்த காரில் அலுமினியப் பகுதிகளைப் பசையால் ஒட்டி, ஆழமான படித்தட்டுகள் அமைக்கப்பட்டன. காரினுள் ஏறி அமர்வது சற்றுக் கடினமாயிற்று. அவ்விறைப்புக்குக் கொடுத்த விலை அதுவே. நடுச்சுரங்கத்தை உயர்த்துதல் இரண்டாம் வழி. 1999ஆம் ஆண்டின் ஹோண்டா எஸ் 2000 காரில் நடுச்சுரங்கம் படித்தட்டின் உயரத்திற்கு உயர்த்தப்பட்டு, முன்னும் பின்னும் பெருக்கல் குறி போன்ற சட்டங்களால் பிணைக்கப்பட்டது. நேர முயற்சிப் பந்தயங்களில் இக்கார் பெரிதும் காணப்படுவதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம்.

கரியிழையால் தொட்டி போன்ற கூடு செய்தல் மூன்றாம் வழி. மக்லாரன் நிறுவனத்தின் 12 சி காரில் இத்தகைய தொட்டியின் எடை ஏறத்தாழ 75 கிலோகிராம். அதன் திறந்த வகை 2012ஆம் ஆண்டில் வெளியானபோது, தொட்டிக்கு மேலதிக வலுவூட்டல் எதுவும் தேவைப்படவில்லை. கூரை முதலிலிருந்தே பாரம் சுமக்காததுதான் காரணம்.

கழற்றி மாட்டும் கடினக் கூரையைப் பொருத்துவதால் மட்டும் திறந்த கார் மூடிய காராகிவிடாது. இத்தகைய கூரை ரப்பர் விளிம்பின்மேல் அமர்ந்து, சில கொக்கிகளால் மட்டுமே பற்றப்பட்டிருக்கும். காலணிப் பெட்டியின்மேல் ஒட்டாமல் வைத்த மூடிக்கு இது நிகர். காற்றின் ஓட்டத்தைச் சீராக்க அது உதவும். விறைப்பைச் சிறிதே கூட்டும். உண்மையான பயன் தருவது எஃகுக் குழாய்களாலான பாதுகாப்புக் கூண்டாகும். குழாய்களை முக்கோணங்களாக இணைத்து, வில்கள் பொருந்தும் இடங்கள் வரை கொண்டுசென்று பற்றவைத்தால், கூரையின் பணியைக் கூண்டு ஏற்றுக்கொள்ளும். கார் கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையைக் காப்பதும் அதுவே.

வெட்டப்படும் கூரைகள்

இவ்வாராய்ச்சி பந்தயப் பாதையோடு நின்றுவிடுவதன்று. ஊர்வலத்திற்காகவும் திருமண அலங்காரத்திற்காகவும் பழைய கார்களின் கூரையைச் சிறு பட்டறைகளில் வெட்டியெடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தனி அடிச்சட்டமில்லாத காரில் இவ்வாறு செய்வது, குழாயில் நீளக் கீறலிடுவதற்கு ஒப்பாகும். வெட்டிய அன்றே தீங்கு புலப்படாது. நாளடைவில் தரை நடுவே தாழும், கதவுகள் மூடாது சிக்கும், அன்றி ஓட்டத்தில் தாமே திறந்துகொள்ளும், பற்றவைப்பு இணைப்புகளில் விரிசல் தோன்றும், முன்கண்ணாடி உடையும். பக்கத்திலிருந்து மோதுண்டாலோ கவிழ்ந்தாலோ பயணிகளுக்குப் பாதுகாப்பு இராது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.

ஐயத்திற்குரிய வண்டியைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, கதவுகளுக்கும் தூண்களுக்கும் இடைப்பட்ட இடைவெளியை அளந்து குறித்துக்கொள்க. பின்னர் ஒரு முன்சக்கரத்தை மட்டும் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான பலகையின்மேல் ஏற்றி, கைத்தடையை இழுத்து, ஏனைய சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துக. இந்நிலையில் இடைவெளிகளை மீண்டும் அளந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்க்க. இடைவெளி வெளிப்படையாக மாறியிருந்தாலோ கதவு சிக்கினாலோ அவ்வுடல் முறுக்கத்தைத் தாங்கவில்லை என்று கொள்ளலாம். பயிலகங்களில் அளவாகவே காட்ட விரும்பினால், ஒரு மாதிரிக் கூட்டின் பின்முனையை அசையாது பிணித்து, முன்முனையின் குறுக்கே உத்திரம் ஒன்றைப் பொருத்தி, அதன் நடுப்புள்ளியை ஒரு தாங்கியின்மேல் நிறுத்துக. நடுவிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 100 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் முறுக்கு ஏறத்தாழ 1,000 நியூட்டன் மீட்டர் ஆகும். அப்போது முன்முனை 0.2 பாகை திரும்பினால், அக்கூட்டின் விறைப்பு பாகைக்குச் சுமார் 5,000 நியூட்டன் மீட்டர்.

கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாஸிடர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. ஆயினும் டிராம் தண்டவாளங்களையும் பள்ளங்களையும் பல்லாண்டுகள் கடந்து வந்த அக்கூடுகள் ஓர் உண்மைக்குச் சான்றாகின்றன. வண்டியின் உறுதி, அதில் எவ்வளவு எஃகு உள்ளது என்பதில் மட்டும் இல்லை. அந்த எஃகு எவ்வாறு ஒன்றையொன்று பற்றி மூடி நிற்கிறது என்பதிலேயே பெரிதும் உள்ளது. கூரையில் கை வைப்பதற்கு முன், அது எதைத் தாங்குகிறது என்று அறிந்துகொள்ளுதல் நலம்.